மண்டபத்துல மதத்தக் கேட்டு இல்லன்னுட்டாவ, என்ன செய்யலாம்?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு விவரம் வேணும். தங்கச்சிக்கு தை மாசம் கல்யாணம். நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, மாப்ள வீட்ல இந்து, ரெண்டு வீட்டுக்கும் சம்மதந்தான், 1954 ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டு சாயங்காலம் ரிசப்ஷன் மட்டும் வைக்கலாம்னு பாளையங்கோட்டைல ஒரு மண்டபத்துக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சு. நேத்து போன் போட்டு "மதம் கலந்த கல்யாணம்லாம் எங்களுக்கு ஆவாது, ரூவாய வந்து வாங்கிக்கிடுங்க"ங்காவ. பத்திரிகை வேற அடிச்சாச்சுவே!

அரசியல் சட்டம் 15(2)ல கடை, ஓட்டல்ல மதம், சாதி சொல்லி யாரையும் தடுக்கக்கூடாதுன்னு இருக்கு, 2011ல சுப்ரீம் கோர்ட்டு 'கடை'ங்கிறதுக்கு அகலமாவே அர்த்தம் சொல்லிருக்கு. மண்டபக்காரங்க 25வது பிரிவு மத சுதந்திரத்த இழுப்பாங்கன்னு நெனைக்கேன். அமெரிக்கால இருக்க மச்சான் அங்க சுப்ரீம் கோர்ட்டுல 2018ல வந்த கேக் கடை கேஸச் சொல்லி பயங்காட்டுதான், ரெண்டு ஆம்பளைங்க கல்யாணத்துக்கு கேக் செய்ய மாட்டேன்னு மதத்தச் சொல்லி மறுத்த கடைக்காரர் 7-2ன்னு ஜெயிச்சாராம். ஆனா அது கொலராடோ மாநில குடிமை உரிமை கமிஷன் அவரு மதத்த மதிக்காம நடந்துகிட்டதுக்காவ வந்த தீர்ப்பு, அத வச்சி இங்க என்ன பேச? 1955 குடிமை உரிமைச் சட்டம் தீண்டாமைக்குத்தான், எங்களுக்கு ஒட்டாது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போலாமா, இல்ல திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கவா? பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டுல்லா, அங்க போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. அம்மா சண்டை வேண்டாங்கா. கேடிசி நகர், வண்ணார்பேட்டை பக்கம் 300 பேருக்கு மண்டபம் தெரிஞ்சாலும் சொல்லுங்க.