ஹிரோஷி யோஷிதாவின் பாய்மரப் படகுகள்: அசலை அறிவது எப்படி?

கேள்வி (வெள்ளவத்தை வாசகர்):
காலஞ்சென்ற பெரியப்பாவின் இரும்புப் பெட்டியிலிருந்து, மூடுபனியில் நிற்கும் பாய்மரப் படகுகளைக் காட்டும் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப்படம் ஒன்று கிடைத்தது. கீழ் ஓரத்தில் பென்சிலால் 'ஹிரோஷி யோஷிதா' என்று ஆங்கிலக் கையொப்பம் உள்ளது. இது கையால் அச்சிடப்பட்டதா, நகலா?

மறுமொழி 1 (கொட்டாஞ்சேனை ஓவியர்):
முதலில் படத்தைத் திருப்பிப் பாருங்கள். மூங்கில் மடல் சுற்றிய 'பாரென்' என்னும் தட்டால் தாளின் பின்புறத்தைத் தேய்த்தே அச்சிடுவார்கள் என்பதால், அங்கே வண்ணம் ஊறியிருப்பதும் தேய்ப்பின் வளைகோடுகளும் தெரியக்கூடும்; உருப்பெருக்கியில் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர நகல். அடுத்து, இடது ஓரத்தில் 'ஜிசுரி' முத்திரை உண்டா? தம் நேரடி மேற்பார்வையில் அச்சான படிகளுக்கு ஜப்பானிய ஓவியர் யோஷிதா (1876–1950) இட்ட அடையாளம் அது. படச்சட்டத்துக்காக ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்.

1926இல் வெளியான இந்தப் படகு வரிசையில், காலை, மூடுபனி, இரவு என ஒரே காட்சியை வண்ணங்களை மாற்றியே வேறுவேறு பொழுதுகளாக்கினார். மூடுபனிப் படியே எனக்கு மிகவும் பிடித்தது.

மறுமொழி 2 (தெஹிவளை அன்பர்):
அவர் இந்தியாவுக்கும் வந்து மதுரைக் கோயிலை அச்சுப்படமாக்கியவர் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

கடற்கரையோர வீடென்றால் ஈரப்பதமே முதல் எதிரி. அமிலமற்ற அட்டை வைத்து, கண்ணாடி தாளைத் தொடாதபடி சட்டமிட்டு, வெயில் படாத உட்சுவரில் மாட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
முத்திரை இருக்கிறது! பின்புறத்தில் வளைகோடுகளும் மங்கலாகத் தெரிகின்றன.