அவசரம்: மருந்து போடாத கண்ட்ரோல் செல்களே சாகின்றன, எங்கே தவறு?

இரவுப்பணி:
வணக்கம். மூன்று முறை செய்துவிட்டேன், மூன்று முறையும் இதே கதைதான். மருந்தால் எத்தனை செல்கள் அப்போப்டோசிஸில் (செல் தன் வேதிவழியில் ஒழுங்காகச் சாகும் முறை) சாகின்றன என்று பார்க்கிறேன். அனெக்சின் வி, பி.ஐ. (புரோப்பிடியம் அயோடைடு) இரண்டு சாயமும் போட்டு ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் கருவி) ஓட்டினால் கண்ட்ரோலில் 38 சதவீதம் பாசிட்டிவ், அதாவது சாயம் ஏறியது, மருந்து போட்டதில் 22. தலைகீழாக வருகிறது. வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கும் சோதனை), அப்போப்டோசிஸில் வேலை செய்யும் காஸ்பேஸ்-3 என்ற நொதியின் வெட்டுப்பட்ட பட்டையும் வரவில்லை. கிட்டில் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். வியாழக்கிழமை வழிகாட்டியிடம் காட்டியாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோதனைக்குழாய்:
எந்த செல்? எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணி நேரம்? பாஸேஜ் எண் (எத்தனை முறை பிரித்து மாற்றி வளர்த்தது)? கண்ட்ரோல் என்பது வெறும் மீடியமா (செல் வளரும் திரவம்), மருந்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. சேர்த்ததா? இவை தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

நுண்ணோக்கி:
மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. முதலில் அதைப் பாருங்கள். கண்ட்ரோல் காரணமில்லாமல் சாகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். மற்ற பாக்டீரியா வந்தால் மீடியம் கலங்கிவிடும், ஒரே நாளில் தெரிந்துவிடும். இது கலங்காது. செல்சுவர் கிடையாது என்பதால் நீங்கள் ஊற்றும் பெனிசிலின் இதை ஒன்றும் செய்யாது. 0.22 மைக்ரான் வடிகட்டியையும் தாண்டி வரும். செல்லோடு செல்லாக இருந்து அதன் உணவைத் தின்றுகொண்டிருக்கும். டி.என்.ஏ.வில் ஒட்டும் டாப்பி சாயம் போட்டு ஒளிர்நுண்ணோக்கியில் பாருங்கள். உட்கருவுக்கு வெளியே, பொடி தூவினாற்போல் புள்ளிபுள்ளியாக மின்னினால் அதுதான்.

பழையகுடுவை (மூத்த உறுப்பினர்):
தம்பி, கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. 38 சதவீதம் என்கிறீர்கள், எந்தக் கட்டத்தில்? அனெக்சின் மட்டும் ஏறியதா, பி.ஐ.யும் சேர்ந்து ஏறியதா? இரண்டும் ஒன்றல்ல. சவ்வின் உட்பக்கம் இருக்க வேண்டிய ஃபாஸ்ஃபடைடில்செரின் வெளிப்பக்கம் திரும்பினால் அனெக்சின் ஒட்டும். சவ்வே கிழிந்தால்தான் பி.ஐ. உள்ளே போகும். இந்த வேறுபாட்டை முதலாண்டிலேயே யாராவது உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கிட்டில் சொன்னபடி செய்தேன் என்பது பதில் ஆகாது. கிட்டின் தாள் சாயம் போடுவதிலிருந்துதான் தொடங்கும். செல்லைத் தட்டிலிருந்து எப்படி எடுத்தீர்கள் என்பது அதில் இருக்காது.

தேனருவி:
இன்குபேட்டரில் கார்பன் டை ஆக்சைடு அளவு சரியாக இருக்கிறதா? திரை 5 சதவீதம் என்று காட்டும், உள்ளே வேறாக இருக்கும். எங்களுக்கு ஒருமுறை அப்படி ஆனது. மீடியம் ஊதா ஏறிய ரோஸ் நிறத்துக்குப் போயிருந்தது. ஈரத்தட்டில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரவுப்பணி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். எம்.சி.எஃப்-7 (மார்பகப் புற்றுச் செல்). மருந்து குர்குமின் (மஞ்சளில் உள்ள நிறமி), 25 மைக்ரோமோலார், 48 மணி நேரம். கண்ட்ரோலுக்கு 0.1 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ. பாஸேஜ் 19. மீடியம் ரோஸ் ஆகவில்லை, கண்ட்ரோலில் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். 38-இல் 27 மேல் வலது கட்டத்தில், அதாவது இரண்டு சாயமும் ஏறியது. 11 கீழ் வலது. செல்லைத் தட்டிலிருந்து பிரிக்கச் சாதாரண ட்ரிப்சின் நொதிதான் போடுகிறேன். பழையகுடுவை ஐயா, நான் தம்பி இல்லை, தங்கை.

சோதனைக்குழாய்:
எம்.சி.எஃப்-7 என்று முதலிலேயே சொல்லியிருந்தால் உங்கள் பாதிக் கேள்விக்கு அப்போதே பதில் கிடைத்திருக்கும். இந்தச் செல்லில் காஸ்பேஸ்-3 கிடையாது. அதன் மரபணுவில் 47 கார இணைகள் விடுபட்டுப்போனதால் புரதமே உருவாவதில்லை. 1998-லேயே வெளிவந்த செய்தி. நீங்கள் எத்தனை முறை பிளாட் ஓட்டினாலும் அந்தப் பட்டை வராது, வந்தால்தான் கவலைப்பட வேண்டும். சாகும் செல்லின் டி.என்.ஏ. துண்டுதுண்டாகித் தெரியும் ஏணி வடிவமும் இதில் சரியாக வராது. அதற்காக இவை சாவதில்லை என்று அர்த்தமில்லை. காஸ்பேஸ்-7, காஸ்பேஸ்-9 வழியாகச் சாகும். சாகும்போது காஸ்பேஸ்கள் வெட்டும் பார்ப்-1 என்ற புரதத்துக்கு ஆன்டிபாடி இருந்தால் அதை ஓட்டுங்கள், 116 கிலோடால்டன் பட்டை 89-ஆக வெட்டுப்படுவது தெரியும்.

ட்ரிப்சின் எத்தனை நிமிடம்?

இரவுப்பணி:
ஐயோ. காஸ்பேஸ்-3 இல்லை என்று யாருமே சொல்லவில்லை. இரண்டு வாரம் போனது.

ட்ரிப்சின் 12 நிமிடம், சில நேரம் 15. கண்ட்ரோல் செல் தட்டைவிட்டு வரவே வராது, கட்டிகட்டியாக நிற்கும். அதனால் பிப்பெட்டால் அடித்து எடுப்பேன். மருந்து போட்டது மூன்று நிமிடத்தில் வந்துவிடும். பழைய மீடியத்தைக் கொட்டிவிட்டு நேராக ட்ரிப்சின்தான்.

சோதனைக்குழாய்:
உங்கள் சிக்கல் முழுவதும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

48 மணி நேரம் கழித்து மருந்துக் குழியில் மேலே மிதப்பவை என்ன? செத்த செல்கள். சாகத் தொடங்கும் செல் சுருங்கி, உருண்டு, பிடி விட்டு மேலே வந்துவிடும். நீங்கள் தேடுவதே அவற்றைத்தான். பழைய மீடியத்தோடு அவை கழிவுக்குடுவைக்குப் போகின்றன. அடியில் மிஞ்சியவை பிழைத்தவை, அவற்றை எண்ணிவிட்டு 22 என்கிறீர்கள்.

கண்ட்ரோலில் நேர் எதிர். நெருக்கமாக வளர்ந்து இறுகப் பிடித்திருக்கின்றன. பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசல் விட்டுக் கழுவாததால் மீடியத்தின் சீரம் மிச்சம் நிற்கிறது. சீரத்தில் ட்ரிப்சினைக் கட்டிப்போடும் புரதங்கள் உண்டு. கால்சியமும் மக்னீசியமும் செல்களின் பிடியை இன்னும் இறுக்கும். ஓரத்துச் செல்கள் முதலில் வந்து ட்ரிப்சினில் ஊறிக்கொண்டே நிற்கும், நடுவில் இருப்பவை அசையாது. அவற்றையும் எடுக்க நீங்கள் பிப்பெட்டால் அடிக்கிறீர்கள், சவ்வு கிழிகிறது. மேல் வலது கட்டத்தில் 27 வந்தது அதனால்தான். அந்தச் செல்கள் குடுவையில் சாகவில்லை, எடுக்கும்போது செத்திருக்கின்றன.

தேனருவி:
சரியாகச் சொன்னீர்கள். ட்ரிப்சினில் உள்ள ஈ.டி.டி.ஏ. மிச்சம் இருந்தாலும் அனெக்சின் பொய்யாக ஏறும் அல்லவா?

பழையகுடுவை:
இல்லை. அனெக்சின் வி ஒட்டுவதற்குக் கால்சியம் வேண்டும். பைண்டிங் பஃபரில் 2.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு இருப்பது அதற்குத்தான். ஈ.டி.டி.ஏ. அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அனெக்சின் குறையுமே தவிர ஏறாது. இப்படி அரைகுறையாகச் சொல்லி ஏற்கெனவே தவிப்பவரை இன்னும் குழப்ப வேண்டாம். தங்கை, நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்: பைண்டிங் பஃபரில் கலக்கும் முன் இரண்டு முறை கழுவி ஈ.டி.டி.ஏ.வை வெளியேற்றுங்கள்.

நுண்ணோக்கி:
ட்ரிப்சின் காரணமாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மைக்கோபிளாஸ்மா இல்லை என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. மீடியம் மஞ்சளாகிறது என்றாரே?

பழையகுடுவை:
48 மணி நேரத்தில் செல் நெருங்கினால் லாக்டிக் அமிலம் சேர்ந்து மஞ்சளாகும். மீடியத்தில் உள்ள நிறங்காட்டி ஃபீனால் ரெட் அதைத்தான் காட்டுகிறது. எதைக் கேட்டாலும் மைக்கோபிளாஸ்மா என்றால் எப்படி?

நுண்ணோக்கி:
அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒன்றரை ஆண்டு செய்த வேலையை முழுவதும் தூக்கிப்போட்டிருக்கிறேன். செல்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. பி.சி.ஆர். செய்த அன்றுதான் தெரிந்தது. அரை நாள் சோதனை அது, தயவுசெய்து செய்துவிடுங்கள் இரவுப்பணி. கூடவே எஸ்.டி.ஆர். சோதனையும் (செல் எது என்று டி.என்.ஏ.வை வைத்து அடையாளம் காண்பது). மார்பகப் புற்றுச் செல் என்று பலரும் வளர்த்த எம்.டி.ஏ.-எம்.பி.-435 கடைசியில் எம்14 என்ற மெலனோமா செல்லாக இருந்தது.

சாயக்காரர்:
யாரும் கேட்காத ஒன்று. அனெக்சினில் என்ன சாயம்? எஃப்.ஐ.டி.சி. என்ற பச்சைச் சாயம் என்றால் கவனம். குர்குமின் தானே பச்சையாக ஒளிரும் பொருள். நீல லேசர் பட்டால் அதே கட்டத்தில் ஏறி நிற்கும். உங்கள் 22-லும் எவ்வளவு அனெக்சின், எவ்வளவு மஞ்சள் நிறமி என்று பிரிக்க முடியாது. மருந்து போட்டு, சாயம் எதுவும் போடாத குழாய் ஒன்று ஓட்டினீர்களா? எம்.டி.டி.யும் (உயிரோடு உள்ள செல்லை ஊதா நிறத்தால் அளக்கும் சோதனை) செய்திருந்தால் அதிலும் இதே தொல்லை. செல்லே இல்லாத குழியில்கூட குர்குமின் எம்.டி.டி.யை நேரடியாக வேதிமுறையில் ஒடுக்கி ஊதாவாக்கும், உயிரோடு இருப்பதுபோல் காட்டும்.

அகரமுதலி:
நடுவில் ஒரு வேண்டுகோள். வேறோர் இழையில் இதே ஆய்வை "செல் தற்கொலை" என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை விட்டுவிடலாமே. செல்லுக்கு மனம் கிடையாது, எண்ணம் கிடையாது. வீட்டில் அப்படி ஒருவரை இழந்தவர்களும் இதைப் படிக்கிறார்கள்.

தேனருவி:
பத்திரிகைகளில் அப்படித்தானே எழுதுகிறார்கள், மாணவர்களுக்குச் சட்டென்று புரியும். பாடப்புத்தகத்தில் "திட்டமிட்ட செல் இறப்பு" என்று இருக்கும்.

பழையகுடுவை:
அதுவும் பொருந்தாது. நெக்ரோப்டோசிஸும் திட்டமிட்டதுதான், 2012-இல் பெயர் வைத்த ஃபெரோப்டோசிஸும் செல்லின் வேதிவழியில் நடப்பதுதான். அப்போப்டோசிஸ் அவற்றில் ஒன்று மட்டுமே. அப்போப்டோசிஸ் என்றே எழுதுங்கள்.

அகரமுதலி:
1972-இல் கெர், வைலி, கரி மூவரும் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தபோது, அபர்டீனில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் கோர்மாக் எடுத்துக் கொடுத்தது அது. பூவிலிருந்து இதழும் மரத்திலிருந்து இலையும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நம்மிடம் அதற்குச் சொல் இல்லையா? அரும்பிலிருந்து தொடங்கி பூவின் ஒவ்வொரு நிலைக்கும் பெயர் வைத்த மொழி இது. உதிர்ந்த பூவுக்கு "வீ" என்று தனிப்பெயரே உண்டு. "செல் உதிர்வு" என்றால் போதும். கிரேக்கச் சொல்லின் பொருள் அப்படியே இருக்கிறது, யாருக்கும் வலிக்காது.

சாயக்காரர்:
செல் உதிர்வு நல்ல சொல். ஆனால் தட்டிலிருந்து செல் பிடி விடுவதையும் உதிர்கிறது என்றுதான் ஆய்வகத்தில் சொல்கிறோம். இந்த இழையிலேயே குழப்பம் வரும்.

அகரமுதலி:
அது நியாயமான தடை. யோசிக்கிறேன்.

சோதனைக்குழாய்:
அவருக்கு வியாழக்கிழமை நெருங்குகிறது. இரவுப்பணி, நான் செய்வதைச் சொல்கிறேன், அப்படியே செய்து பாருங்கள்.

மிதக்கும் செல்லோடு பழைய மீடியத்தை ஒரு குழாயில் எடுத்து வையுங்கள், கொட்டாதீர்கள். கால்சியம், மக்னீசியம் இல்லாத பி.பி.எஸ். விட்டு இரண்டு முறை மெதுவாக அலசி, அந்த நீரையும் அதே குழாயில் சேருங்கள். பிறகு வெதுவெதுப்பான ட்ரிப்சின், அடியை மூடும் அளவு மட்டும். இனி கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், நுண்ணோக்கியைப் பாருங்கள். முதலில் செல்களுக்கு நடுவே மயிரிழைபோல் வெள்ளைக் கோடு விழும். அப்புறம் ஒவ்வொன்றாக ஓரம் உள்வாங்கி, உருண்டு, விளிம்பில் ஒளி வளையம் கட்டும். பத்தில் எட்டு உருண்டதும் தட்டின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு. விரிப்பு நழுவுவதுபோல் எல்லாம் சேர்ந்து சறுக்கி வரும். அந்த நொடியே சீரம் கலந்த மீடியத்தை ஊற்றி நிறுத்துங்கள். எம்.சி.எஃப்-7-க்கு எனக்குப் பெரும்பாலும் மூன்று, நான்கு நிமிடம்தான் ஆகும். கட்டி நின்றால் அடிக்காதீர்கள், அகன்ற முனை பிப்பெட்டால் நாலைந்து முறை ஏற்றி இறக்கினால் போதும். ட்ரிப்சினுக்குப் பதில் அக்குடேஸ் இருந்தால் இன்னும் மென்மை.

மருந்துக் குழிக்கும் இதையே செய்யுங்கள். இரண்டு குழிக்கும் கை ஒரே மாதிரி இருந்தால்தான் எண்கள் ஒப்பிடத் தகும். பாசிட்டிவ் கண்ட்ரோலாக ஒரு குழிக்கு 1 மைக்ரோமோலார் ஸ்டாரோஸ்போரின் (செல்லை அப்போப்டோசிஸில் சாக வைக்கும் என்று தெரிந்த மருந்து). செல்லைக் கொஞ்சம் குறைவாக விதையுங்கள், 48 மணி நேரத்தில் நெரிசல் வராது.

தேனருவி:
இதைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன். ஈ.டி.டி.ஏ. பற்றி நான் சொன்னது தவறு, திருத்தியதற்கு நன்றி ஐயா.

பழையகுடுவை:
சோதனைக்குழாய் சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். அந்தச் செல்கள் 69 வயதான ஒரு கன்னியாஸ்திரியின் நுரையீரல் உறையில் கோத்த நீரிலிருந்து 1970-இல் எடுத்தவை. மிச்சிகன் கேன்சர் ஃபவுண்டேஷன் என்பதன் சுருக்கம்தான் எம்.சி.எஃப்., அதில் ஏழாவது முயற்சி இது. அந்த அம்மா எப்போதோ போய்விட்டார், செல்கள் இன்னும் உங்கள் குடுவையில் இருக்கின்றன. பார்த்து எடுங்கள், தங்கை. அன்றைக்கு நான் கடுமையாக எழுதிவிட்டேன்.

நுண்ணோக்கி:
பி.சி.ஆர். என்ன ஆயிற்று?

நுண்ணோக்கி:
இரவுப்பணி? வியாழக்கிழமை போய்விட்டதே.

இரவுப்பணி:
தாமதத்துக்கு மன்னிக்கவும், தொடர்ந்து ஆய்வகத்திலேயே இருந்தேன். பி.பி.எஸ். அலசல், நான்கு நிமிடம், அடிக்கவில்லை: கண்ட்ரோல் 7 சதவீதம். மிதப்பவற்றையும் சேர்த்தால் மருந்துக் குழி 41. மைக்கோபிளாஸ்மா பி.சி.ஆர். நெகட்டிவ். பார்ப் 89 மங்கலாக வந்தது. ஆனால் சாயமே போடாத மருந்துக் குழாயிலும் பச்சை ஏறியிருக்கிறது, சாயக்காரர் சொன்னது போலவே. அதனால் 41-ஐ வழிகாட்டியிடம் காட்டவில்லை, 7-ஐ மட்டும் காட்டினேன். சிவப்புப் பக்கம் ஒளிரும் அனெக்சின் கேட்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

சாயக்காரர்:
ஏ.பி.சி. என்ற சிவப்பாக ஒளிரும் சாயம் ஒட்டிய அனெக்சின் வாங்குங்கள், சிவப்பு லேசரில் குர்குமின் குறுக்கே வராது. ஆனால் பி.ஐ. நீல லேசரில்தான் படிக்கும், அங்கே குர்குமினின் ஒளி அதன் பக்கமும் கசியும். சாயம் போடாத மருந்துக் குழாயை இந்த முறையும் விடாதீர்கள்.