காலை நன்றித் தியானம் 'உள்ளேன் ஐயா' கணக்காக ஆகிவிட்டது, என்ன செய்யலாம்?

பாதித்தூக்கம்:

இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் 12 நிமிடம் நன்றித் தியானம் செய்கிறேன். மொபைலில் ஒரு குரல் வழிகாட்டும். "நீங்கள் படுத்திருக்கும் மெத்தைக்கு நன்றி சொல்லுங்கள், தலைக்கு மேல் இருக்கும் கூரைக்கு நன்றி சொல்லுங்கள், குழாயைத் திறந்ததும் வரும் தண்ணீருக்கு..." என்று போய்க்கொண்டே இருக்கும். முதல் வாரம் உண்மையாகவே நன்றாக இருந்தது, ஒரு நாள் போர்வையை நினைத்துக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது (சிரிக்காதீர்கள்). இப்போது பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது. மெத்தை? உள்ளேன் ஐயா. கூரை? உள்ளேன் ஐயா. நான் ஒரு பக்கம் 'டிக்' போட்டுக்கொண்டே அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலையை யோசித்துக்கொண்டிருப்பேன்.

சரி, நானாகச் சொல்லும் பட்டியல் சின்னதாக இருப்பதுதான் பிரச்சினை போல என்று மூன்றிலிருந்து பத்தாக உயர்த்தினேன். இன்னும் மோசம். ஆறாவதுக்கு மேல் எதுவும் தோன்றாமல் 'சுவர், ஜன்னல், ஜன்னல் கம்பி' என்று அறையைச் சுற்றிப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

நேற்று நடந்ததுதான் இங்கே எழுத வைத்தது. தண்ணீருக்கு நன்றி சொல்லி முடித்து 20 நிமிடம் ஆகியிருக்காது, ஹீட்டர் வேலை செய்யவில்லை, வீட்டில் இருந்த எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். என் மகள் நிதானமாக, "இப்பத்தானே தண்ணிக்குத் தேங்க்ஸ் சொன்னீங்க?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் தப்பாகச் செய்கிறேனா, இல்லை இது எல்லோருக்கும் இப்படித்தான் மங்கிப் போகுமா? காலைக்குப் பதில் இரவில் செய்யலாமா? 'மனதார செய்யுங்கள்' என்ற பதில் மட்டும் வேண்டாம், அதைத்தான் அந்தக் குரல் தினமும் சொல்கிறது.

ஓரக்குறிப்பு:

தப்பு இல்லை, மங்கத்தான் செய்யும். காலையில் போட்ட சட்டை உடம்பில் உரசுவது ஐந்து நிமிடத்துக்கு மேல் தெரிகிறதா? மாறாமல் இருக்கும் எதையும் தோலும் மூளையும் செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. வசதிக்கும் அதே கதிதான். 1971-லேயே பிரிக்மன், கேம்பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஓடுபொறியோடு (டிரெட்மில்) ஒப்பிட்டு எழுதினார்கள், எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயேதான் நிற்போம் என்று. உங்கள் மெத்தை உங்களுக்குச் செய்தியாக இல்லாமல் போனதில் உங்கள் குணத்தின் மேல் பழி எதுவும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நன்றி சொல்வதும் அதே மாதிரிப் பழகிவிடும். அதே குரல், அதே வரிசை, அதே 12 நிமிடம் என்றால் அதுவும் இன்னொரு மெத்தைதான்.

பட்டியலை நீட்டியது ஏன் மோசமானது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1991-ல் நோர்பர்ட் ஷ்வார்ஸும் கூட இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். தன் கருத்தை விட்டுக்கொடுக்காமல் உறுதியாக நின்ற தருணங்களை எழுதச் சொன்னார்கள், சிலரிடம் 6 கேட்டார்கள், சிலரிடம் 12. பன்னிரண்டு எழுதியவர்களிடம் ஆதாரம் அதிகம், ஆனால் தங்களை உறுதி குறைந்தவர்களாக மதிப்பிட்டது அவர்கள்தான். ஏனென்றால் போகப்போகத் திணறினார்கள், 'இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறதே, அப்படியானால் நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை போல' என்று மனம் முடிவு கட்டிவிட்டது. நீங்கள் ஜன்னல் கம்பி வரை போனபோது நடந்ததும் இதுதான் என்பது என் கணிப்பு. பத்து நல்ல விஷயம் தேடி முழி பிதுங்கினால், மனசு கடைசியில் எடுத்துக்கொள்ளும் பாடம் 'நம்மிடம் பெரிதாக ஒன்றும் இல்லை' என்பதுதான்.

அப்புறம், தினமும் செய்தே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நன்றியுணர்வு ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது 2003-ல் எம்மன்ஸும் மெக்கல்லோவும் வெளியிட்டது, அதில் முதல் சோதனையில் வாரத்துக்கு ஒருமுறைதான், அதுவும் ஐந்து விஷயம் வரைதான், பத்து வாரம் எழுதினார்கள். பிறகு சோன்யா லுபோமிர்ஸ்கியின் குழு ஆறு வாரம் பார்த்தது, வாரம் ஒருமுறை செய்தவர்களுக்கு மனநிறைவு கூடியது, வாரம் மூன்று முறை செய்தவர்களுக்குக் கூடவில்லை. மாணவர்களை வைத்துச் செய்த சின்ன ஆய்வு, அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம், ஆனாலும் உங்களுக்கு அது பொருந்துகிற மாதிரி இருக்கிறது.

இடக்கைக்காரன்:

மேலே சொன்னது எல்லாம் சரி, நான் அனுபவத்தில் வந்து சேர்ந்ததைச் சொல்கிறேன். போன வருடம் வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. சட்டைப் பொத்தான் போட முடியாது, பற்பசை மூடி திறக்க முடியாது, போர்வையைக்கூட ஒரு கையால் இழுத்தால் கால் பக்கம் வெளியே வந்துவிடும், பிறகு காலால் அதைத் தள்ளி, கை வலித்து, தூக்கம் போய்... விடுங்கள். கட்டுப் பிரித்த அன்று இரண்டு கையாலும் ஒரு துண்டைப் பிழிந்தேன். தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றுவிட்டேன். அந்த மாதிரி நன்றி எந்தத் தியானத்திலும் எனக்கு வந்ததில்லை.

அதுவும் மூன்று வாரத்தில் போய்விட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது துண்டு வெறும் துண்டுதான்.

அதனால் நான் செய்வது இது. உட்கார்ந்து பட்டியல் போடுவதில்லை. காலையில் பயன்படுத்தப்போகும் பொருள் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு, அது இல்லாமல் அந்த வேலையை எப்படிச் செய்வேன் என்று படிப்படியாக, கொஞ்சம் பிடிவாதமாகவே யோசிப்பேன். உதாரணத்துக்கு மூக்குக்கண்ணாடி. நான் கண்ணாடி இல்லாமல் ஒரு முழம் தாண்டிப் பார்க்க முடியாத ஆள். கையால் மேசையைத் தடவுகிறேன், கடிகாரம் ஒரு வெள்ளைப் புகை, எதிரே வருவது யார் என்று குரல் வந்தால்தான் தெரியும். கண்ணாடி என்ற சாமானே 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில்தான் வந்தது. அதற்கு முன்னால் பிறந்திருந்தால் எனக்கு என்ன வேலை கொடுத்திருப்பார்கள் என்று ஒரு நாள் யோசித்தேன், சத்தியமாக ஒன்றும் தோன்றவில்லை. இதெல்லாம் ஒரு நிமிடம். பிறகுதான் கண்ணாடியைப் போடுவேன். போட்டதும் சுவரில் இருக்கும் விரிசல்கூடத் தெளிவாகத் தெரியும், அந்தக் கணம்தான் என் தியானம்.

இதற்கும் ஆய்வு இருக்கிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 2008-ல் வந்தது. துணையை எப்படிச் சந்தித்தோம் என்று ஒரு பிரிவினரையும், சந்திக்காமலே எப்படிப் போயிருக்கலாம் என்று இன்னொரு பிரிவினரையும் எழுதச் சொன்னார்கள், இரண்டாவது பிரிவினருக்குத்தான் உறவில் நிறைவு கூடியது. கூட்டிப் பார்ப்பதைவிடக் கழித்துப் பார்ப்பது வேலை செய்கிறது. உங்கள் ஹீட்டர் நேற்றுக் கழித்தல் கணக்கை இலவசமாகப் போட்டுக் காட்டியிருக்கிறது, நீங்கள்தான் திட்டிவிட்டீர்கள்!

வெள்ளைக்காகிதம்:

எனக்கு எளிதான வழி ஒன்று இருக்கிறது. உலகத்தில் சுமார் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வீட்டுக்கே வரும் வசதி இல்லை, இது ஐ.நா. அமைப்புகள் 2022 நிலவரமாகச் சொன்ன கணக்கு. குழாயைத் திறக்கும்போது அதை நினைத்தாலே போதும், நன்றி தானாக வரும்.

கசப்புமருந்து:

வெள்ளைக்காகிதம் அவர்களே, எனக்கு அது ஒத்துவரவில்லை. கொஞ்ச நாள் அப்படித்தான் செய்தேன். வந்தது நன்றி இல்லை, குற்றவுணர்ச்சி. குழாயைப் பாதியிலேயே மூடிவிட்டு மீதி நாள் முழுக்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பேன். அந்த 220 கோடிப் பேருக்கு அதனால் ஒரு சொட்டுக்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அவர்களுக்காக ஏதாவது செய்வது வேறு, என் காலைப்பொழுதுக்கு அவர்களைத் துணைப்பாத்திரம் ஆக்குவது வேறு. ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் என் பழைய நாட்களோடு ஒப்பிட்டுக்கொள்வேன். வாளி தூக்கி மூன்று மாடி ஏறிய காலம் எனக்கும் உண்டு.

இன்னொன்றையும் சொல்கிறேன், கேள்வி கேட்டவருக்கு இது பொருந்தாமல்கூட இருக்கலாம். நன்றியை வாய்ப்பூட்டாகப் பயன்படுத்தாதீர்கள். ஹீட்டர் கெட்டால் எரிச்சல் வருவது இயல்பு, 'தண்ணீராவது வருகிறதே' என்று அதை அமுக்கினால் அது வேறு எங்காவது வெடிக்கும். வேலையிடத்தில் பிழிந்து எடுத்துவிட்டு 'வேலை இருக்கிறதே என்று நன்றியோடு இருங்கள்' என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம். மனச்சோர்வு, பதற்றம் என்று உண்மையாகவே இருப்பவர்களுக்கு நன்றிப் பயிற்சியால் கிடைக்கும் பலன் சிறியதுதான் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் டாக்டரிடம் போக வேண்டும், போர்வையிடம் இல்லை.

வெள்ளைக்காகிதம்:

துணைப்பாத்திரம் என்று சொன்னது சுருக்கென்று இருந்தது, ஆனால் யோசிக்க வைத்தது. எனக்கு அது வேலை செய்கிறது என்பது மட்டும் உண்மை, விட முடியாது :)

விடியல்மணி:

காலையா இரவா என்ற கேள்வியை யாரும் தொடவில்லையே. கண் விழித்ததும் அரை மணி நேரம் வரை மூளை முழுசாக எழுந்திருக்காது, உடம்பு மட்டும்தான் எழும். அந்த அரைமயக்கத்தில் படுத்துக்கொண்டே செய்தால் ஒன்று மறுபடி தூக்கம், இல்லாவிட்டால் வேலைக் கவலை. உங்கள் பெயரே பாதித்தூக்கம் என்று இருப்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செலிக்மன் குழு 2005-ல் வெளியிட்ட 'மூன்று நல்ல விஷயம்' பயிற்சி இரவில் செய்வதுதான், அன்று நடந்ததில் மூன்றை எழுதி, ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும், ஒரு வாரம். நடந்து முடிந்த சம்பவங்களுக்கு இரவு பொருத்தம். தண்ணீர், போர்வை, விளக்கு மாதிரித் தொட்டுப் பார்க்கும் சுகங்களுக்குக் காலைதான் எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் அப்போதுதான் அவை ஒவ்வொன்றாகப் புதிதாகக் கைக்கு வருகின்றன.

நான் செய்வது: எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் வைப்பேன், தரை சில்லென்று இருக்கும். போர்வைக்குள் இருந்தபோது அதன் வெதுவெதுப்பு தெரியவே இல்லை, வெளியே வந்த பிறகுதான் தெரியும். ஒரு கையை மட்டும் திரும்பப் போர்வைக்குள் விட்டுப் பார்ப்பேன். ஒரு கை சூடு, ஒரு கை குளிர். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் கவனம் ஓடாது, ஏனென்றால் கவனிக்க உண்மையாகவே ஏதோ இருக்கிறது. 'நன்றி' என்ற வார்த்தையைச் சொல்வதைக்கூட நிறுத்திவிட்டேன். யாருக்குச் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே இருந்தது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆள் இருந்தால் ஆளிடமே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

பாதித்தூக்கம்:

எல்லோருக்கும்... எழுத வந்தாலே அந்த வார்த்தைதான் வருகிறது, சரி, நன்றி. ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன்.

அந்தக் குரலை நிறுத்திவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரே பொருள். முதல் நாள் இடக்கைக்காரன் சொன்ன மாதிரிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டேன், அது இல்லாமல் எப்படி இருக்கும் என்று யோசிக்கவே தேவைப்படவில்லை, எங்கே வைத்தேன் என்று தெரியாமல் நிஜமாகவே பத்து நிமிடம் தடவினேன். மகள்தான் எடுத்துக் கொடுத்தாள், விடியல்மணி சொன்னபடி அவளிடமே தேங்க்ஸ் சொல்லிவிட்டேன், 'காலையிலேயே என்ன ஆச்சு' என்று பார்த்தாள். இரண்டாவது நாள் கதவுத் தாழ்ப்பாள். கேட்க அபத்தமாக இருக்கும், ஆனால் தாழ்ப்பாள் இல்லாத அறையில் சின்ன வயதில் எப்படித் தூங்கினேன் என்பதெல்லாம் ஞாபகம் வந்தது, அதைப் பற்றி இங்கே வேண்டாம். மூன்றாம் நாள் ஒன்றும் வரவில்லை, விட்டுவிட்டேன். நான்காம் நாளும் விட்டுவிட்டேன், பாவம் செய்தது போல இல்லை.

ஹீட்டர் இன்னும் சரியாகவில்லை. இன்று பச்சைத் தண்ணீரை முதுகில் ஊற்றியபோது வாயில் வந்தது நன்றி இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். குரல் இருந்தபோது 12 நிமிடத்தில் மணி அடித்து முடியும். இப்போது எப்போது முடிப்பது என்று தெரியவில்லை.

இடக்கைக்காரன்:

கண்ணாடியைப் போட்டதும் முடிந்தது. தண்ணீர் என்றால் முகம் துடைத்ததும். ஹீட்டருக்கு மட்டும் ஆள் வந்து போனதும்.