முதல் வரியில் வாசகரை ஈர்ப்பது எப்படி?

கேள்வி: யாழ்ப்பாணத்திலுள்ள நிலாவரைக் கிணற்றைப் பற்றி ஊர்ச் சஞ்சிகைக்கு எழுதிய கட்டுரையை அமைவிடம், வரலாறு என்று ஒழுங்காகவே தொடங்கியிருந்தும், படித்தவர்கள் முதற்பந்தியோடு நிறுத்திவிட்டார்கள். எதை மாற்றலாம்?

மறுமொழி: தம்பி, மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் ஒரே கிணற்றில் இருப்பதை முதல் வரியில் சொல்லி, காரணத்தைச் சற்றுப் பிற்படுத்துங்கள். தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் உள்ள இடைவெளியை உணரும்போதே ஆர்வம் பிறக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ஜோர்ஜ் லோவன்ஸ்டைன் 1994இல் விளக்கினார். ஒன்றுமே தெரியாதவருக்கு அந்த இடைவெளி தென்படாது. ஆகையால் சிறிதளவு தகவலை முதலில் கொடுத்தே ஆகவேண்டும்.

இன்னொரு மறுமொழி: உடன்படுகிறேன், ஆனால் விடையைக் கடைசிவரை ஒளிக்க வேண்டாம். அடர்த்தி குறைந்த நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது என்பதை நடுவிலேயே சொல்லிவிட்டு, சுண்ணக்கல் நிலத்தடிக்கு அந்த உவர்நீர் எப்படி வந்தது என்ற அடுத்த கேள்வியை எழுப்பலாம். (“அதிர்ச்சி உண்மை” என்று மட்டும் தலைப்பிட்டுவிடாதீர்கள்!)

கேட்டவர்: நன்றி அண்ணா. அமைவிடத்தை மூன்றாம் பந்திக்குத் தள்ளிவிட்டேன்.