திருவேடகத்தில் தோழி வீட்டுக்குப் போகிறோம், ஆற்றில் பிள்ளைகளை இறக்கலாமா?

மதுரை_மல்லி:
என்னோடு கல்லூரியில் படித்தவள் கல்யாணமாகித் திருவேடகத்தில் இருக்கிறாள். மாமனாருக்கு வெற்றிலைக் கொடிக்கால், கொஞ்சம் நெல், தென்னை. "ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாருமா வாங்கடி" என்று பல வருஷமாகக் கூப்பிடுகிறாள். நாங்கள் இருப்பது மதுரை அண்ணாநகர். திருப்பதிக்குப் போக நேரம் கிடைக்கிறது, சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிற ஊருக்குக் கிடைக்கவில்லை. வருகிற ஞாயிறு போயே தீருவது என்று முடிவு. நான், வீட்டுக்காரர், மாமியார், 8 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பையன்கள்.

காலை பத்து, பத்தரைக்குப் போய்ச் சேரலாம் என்று நினைக்கிறோம். மதியச் சாப்பாடு அவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமே, சோழவந்தானில் ஏதாவது ஹோட்டலில் முடித்துக்கொள்ளலாமா? என்ன வாங்கிப் போவது? பையன்கள் இப்போதே ஆற்றில் குளிக்க டவுசர் எடுத்து வைத்துவிட்டார்கள். இறக்கலாமா?

பரவை_பாண்டி:
வழி மட்டும் சொல்கிறேன். பாத்திமா கல்லூரி, பரவை, சமயநல்லூர் வந்து சோழவந்தான் ரோட்டில் திரும்புங்கள், தேனூர் தாண்டினால் திருவேடகம். கோச்சடை, துவரிமான், மேலக்கால் வழியாகவும் வரலாம், ஆற்றுப் பாலம் ஏறி இந்தப் பக்கம் வர வேண்டும். வயலும் தென்னையும் பார்த்துக்கொண்டே வர அந்த வழிதான் நன்றாக இருக்கும்.

கொடிக்கால்_பேரன்:
அக்கா, முதலில் அந்தப் பத்தரை மணியை விடுங்கள். கொடிக்கால் வீட்டில் பத்தரைக்கு எல்லாம் முடிந்து ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். விடிகிற நேரத்தில் வெற்றிலை கிள்ள ஆரம்பித்துவிடுவார்கள். ஏழு மணிக்குப் போய் நின்றால் பையன்கள் கிள்ளுவதையும் பார்க்கலாம், திண்ணையில் உட்கார்ந்து எண்ணி அடுக்கிக் கவுளி கட்டுவதையும் பார்க்கலாம். எங்கள் பாட்டி பேச்சை நிறுத்தாமலே எண்ணுவார், ஒரு இலை கூடாது, குறையாது.

கொடிக்காலுக்குள் போனால் சித்திரை வெயிலிலும் குளுகுளு என்றிருக்கும். கொடி ஏறுவதற்காக அகத்தி நட்டிருப்பார்கள், அந்த நிழல். பாத்திக்கு நடுவே கால்வாயில் தண்ணீர் நிற்கும், சேறு கணுக்கால்வரை வாங்கும். மாமியாரை வரப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். செருப்பை வெளியே விட்டுவிட வேண்டும். கலெக்டரே வந்தாலும் எங்கள் தாத்தா செருப்போடு உள்ளே விடமாட்டார்.

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காரம் வேறு எதிலும் வராது என்று நான் சொன்னால் ஊர்ப்பாசம் என்பீர்கள், ஒன்றை மடித்து வாயில் போட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஆனால் கொடிக்கால் பரப்பு குறைந்துகொண்டேதான் வருகிறது. ஆள் கூலி, வாடல் நோய், எங்களை மாதிரி வெளியூர் வேலைக்குப் போன பேரன்கள் எல்லாம் சேர்ந்து. அதனால் வீட்டுப் பெரியவரிடம் "இதுல என்ன கிடைக்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். வருகிறவர்கள் எல்லாம் கேட்பது அதுதான்.

ஹோட்டல் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம், உங்கள் தோழி ஒரு மாதம் பேசமாட்டார். முந்தின நாளே போன் போட்டு எத்தனை பேர், யார் கறி சாப்பிடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டால் போதும். வாழைப்பழமும் தேங்காயும் வாங்கிப் போகாதீர்கள், அங்கே அது கொட்டிக் கிடக்கும். வீட்டுப் பெண்களுக்கு மல்லிகைப் பூ. பெரியவருக்கு டவுனில் நல்ல கொட்டைப்பாக்கும் சீவலும். வெற்றிலை விளைகிற வீட்டிலும் பாக்குக்குக் கடைக்குத்தான் போக வேண்டும்!

கோயிலுக்கு மதியம் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள். ஏடகநாதர், அம்மன் ஏலவார்குழலி. சமணர்களோடு நடந்த புனல்வாதத்தில், அதாவது ஏட்டை ஆற்றில் விடும் போட்டியில், திருஞானசம்பந்தர் மதுரையில் வைகையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து வந்து ஒதுங்கிய இடம் இதுதான் என்பது தல வரலாறு. பாண்டிய மந்திரி குலச்சிறையார் பின்னாலேயே குதிரையில் வந்து ஏட்டை எடுத்தாராம். எங்கள் தாத்தா சொல்வார்: "ஏடு எதிரேறுனது கூட இருக்கட்டும்டா, ஆத்துல அம்புட்டுத் தண்ணி போயிருக்கு பாரு!"

ஆற்றில் குளிக்கலாம், ஊர் ஆள் ஒருவர் கூட இருந்தால் பயமில்லை.

சோழவந்தான்_சிவா:
பேரன் அண்ணன் சொன்னதில் கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவர் குளித்த காலத்து ஆறு வேறு. மணல் அள்ளிய குழிகள் கிடக்கின்றன. முழங்கால் தண்ணீர் என்று அடுத்த அடி வைத்தால் ஆள் மூழ்கும். மேலே தண்ணீர் ஓடும்போது குழி இருப்பதே தெரியாது. ஊர்ப் பையன்களையே நாங்கள் விடுவதில்லை.

இன்னொன்று வைகை அணை. மொத்த உயரம் 71 அடி. தண்ணீர் 66 அடி தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. அப்புறம் எப்போது வேண்டுமானாலும் உபரி நீரைத் திறப்பார்கள். சனிக்கிழமை செய்தியில் அணை நிலவரம் பார்த்துவிடுங்கள். 66-க்கு மேல் என்றால் கரையோடு நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். பேரணையிலிருந்து வருகிற பெரியாறு கால்வாயும் குளிக்கிற இடமில்லை, இழுப்பு அதிகம், கரை செங்குத்து.

கொடிக்கால்_பேரன்:
சரி தம்பி, குழி விஷயம் நியாயம்தான். அக்கா, பம்புசெட்டு இருக்கிறதா என்று தோழியிடம் கேளுங்கள். தொட்டியில் இறக்கிவிட்டால் பையன்களை வெளியே கூப்பிடுவதுதான் பெரிய வேலையாக இருக்கும்.

மதுரை_மல்லி:
எல்லாருக்கும் நன்றி. போன் போட்டேன், பம்புசெட்டு இருக்கிறதாம், மோட்டார் போட்டுவிடுகிறேன் என்றாள். ஏழு மணிக்கு வருகிறோம் என்றதும் நம்பவே இல்லை. மாமியார் இப்போது சோழவந்தான் ஜெனகை மாரியம்மன், குருவித்துறை குரு கோயில் இரண்டையும் சேர்க்கச் சொல்கிறார். முடியுமா?

பரவை_பாண்டி:
முடியும். ஆனால் தோழியோடு பேச நேரம் இருக்காது. மாரியம்மன் பக்கம்தான், மாலையில் நடை திறந்ததும் போய் வாருங்கள். குருவித்துறையை ஒரு வியாழக்கிழமைக்குத் தள்ளுங்கள். அதற்குப் பதில் திரும்பும்போது தேனூரில் கொஞ்சம் வண்டியை நிறுத்துங்கள். அழகர் முன்பு ஆற்றில் இறங்கியது அங்கேதான். திருமலை நாயக்கர் காலத்தில்தான் அது மதுரைக்கு வந்தது. அந்த இடத்தைக் காட்டினால் உங்கள் மாமியார் குருவித்துறையை மறந்துவிடுவார். ஆற்றுப் பக்கம் சீமைக்கருவேல முள் கிடக்கும், அங்கே மட்டும் செருப்பைக் கழற்ற வேண்டாம்.