ஒரே செடிக்கு ரெண்டு பக்கம்

ஹட்டன் டீச்சர்:

உயர்தர வகுப்புக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிப்பிக்கிறேன். போன தவணையில பிள்ளைகளுக்கு ஒரு வேலை குடுத்தேன். வீட்டுப் பேப்பர், சலூன்ல கிடக்குற பேப்பர், வடை சுத்திக் குடுத்த பேப்பர், எதுல 'கஞ்சா'ங்கிற சொல் கண்ணுல பட்டாலும் வெட்டிக்கிட்டு வாங்கன்னேன். சிலது நூலகத்துப் பழைய கட்டையும் கிளறியிருக்குதுங்க. ஒரு மாசத்துல டிமை தாள் ரெண்டு நிறைஞ்சிருச்சு.

தோட்டத்துல இருந்து வர்ற ஒரு பிள்ளை அத ரெண்டாப் பிரிச்சு ஒட்டியிருந்தா. இடது தாள் முழுக்கக் கைது. கேரள கஞ்சா, இத்தனை கிராம், சந்தேகநபர் இன்ன தோட்டம், இன்ன டிவிஷன். வலது தாள்ல, ஏற்றுமதிக்குக் கஞ்சா பயிரிடலாமான்னு பார்க்க நிபுணர் குழு போடுறதா 2022 நவம்பர் பட்ஜெட் பேச்சுல ரணில் விக்கிரமசிங்க சொன்னது, 2025ல மீரிகமவில 64 ஏக்கர்ல பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர் ஏழு பேருக்கு அனுமதி கிடைச்சது, இந்த மாதிரி. இடது பக்கம் கிராம், வலது பக்கம் டொலர். இடது பக்கம் முகத்த மறைச்சு நிக்கிற பொடியன், வலது பக்கம் கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள பச்சைப் பசேல்னு இலை.

பிள்ளை கேட்டா: "டீச்சர், ரெண்டும் ஒரே செடிதானா?"

நான் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்க வரல. சட்டமாக்கணுமா வேணாமாங்கிறது வேற பேச்சு. அதப் பத்தி நமக்கு வர்ற செய்தி எந்தப் பக்கம் சாயுது, எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு உங்க அனுபவத்தச் சொல்லுங்க.

மஸ்கெலியா பழைய நிருபர்:

டீச்சர், அந்த இடது தாள்ல பாதி நான் எழுதினதா இருக்கும். எட்டு வருஷம் பிரதேச நிருபரா இருந்தேன். செய்திக்கு இவ்வளவுன்னு சல்லி. அச்சுல வந்தாத்தான் கணக்கு.

சிவனொளிபாதமலை சீசன் எங்களுக்கு அறுவடைக் காலம். டிசம்பர் பௌர்ணமியில தொடங்கி வெசாக் வரைக்கும். கொழும்புப் பக்கமிருந்து வேன்ல வர்ற பொடியன்கள பொலிஸ் ரோட்டுல மறிச்சு மோப்ப நாய விட்டுத் தேடுவாங்க. விடியக்காலையில போனுக்கு ஒரு படம் வரும்: மேசை மேல வரிசையாச் சின்னச் சின்னப் பொட்டலம், பின்னால சுவத்தப் பார்த்து நிக்கிற ஆளுங்க. கூடவே நாலு வரி. அந்த நாலு வரிய எட்டு வரியாக்குறதுதான் என் வேலை. பெறுமதி எவ்வளவு சேர்னு கேப்பேன். "சுமாரா ஒரு லட்சம்னு போடுங்களேன்"ம்பாரு ஒருத்தர். பேப்பர் வரும்போது 'சுமார்' போயி 'பல லட்சம்' ஆகியிருக்கும். யாரு நிறுத்தா, எந்த விலையில கணக்குப் பார்த்தான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. நானும்தான்.

ஒரு தடவ நம்ம தோட்டத்துப் பொடியன் ஒருத்தன் மாட்டினான். பேரு, தோட்டம், டிவிஷன் எல்லாம் போட்டேன். ஏழெட்டு மாசம் கழிச்சு இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை வந்துச்சு. பொட்டலத்துல இருந்தது கஞ்சாவே இல்ல. வழக்கு முடிஞ்சுது. அவன் அக்கா டவுன்ல டீக்கடை வாசல்ல என்னைப் பிடிச்சா. கையில நான் எழுதின செய்தி, நாலா மடிச்சு, மடிப்பெல்லாம் பிஞ்சு போயி. "பிடிச்சதப் போட்டீங்க அண்ணே, விட்டதயும் போடுங்களேன்"னா. எழுதி அனுப்பினேன். வரல. கேட்டதுக்கு, "இதுல செய்தி என்னா இருக்கு?"ன்னாங்க. அதுக்கப்புறம் ஆறு மாசம்தான் அந்த வேலையில இருந்தேன்.

இன்னொண்ணு. கொழும்புப் பொடியன் மாட்டினா 'யாத்திரிகர்', வெள்ளைக்காரன் மாட்டினா 'சுற்றுலாப் பயணி', நம்மாளு மாட்டினா மட்டும் 'தோட்டத் தொழிலாளியின் மகன்'. அப்படி எழுதுன்னு யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. கை தானா எழுதுச்சு.

எல்ல த்ரீவீல்காரன்:

என் கதை சின்னது. கஞ்சாவ விட்டா சுற்றுலா வளருமான்னு கேட்டுக்கிட்டு கெமராவோட வந்தாங்க. ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போற வழியில நிறுத்தி இருபது நிமிஷம் பேசினேன், ரெண்டு ஹயர் போச்சு. நான் சொன்னது இதுதான்: "வெள்ளைக்காரன் கேக்குறான்தான், ஆனா மாட்டுறது நம்ம ஊர்ப் பொடியன். அதுக்கு ஒரு வழி பண்ணாம சும்மா சுற்றுலா சுற்றுலான்னு பேசாதீங்க." டிவியில வந்தது, "வெள்ளைக்காரன் கேக்குறான்தான்." அவ்வளவே. அதுக்கு மேல ஒரு சந்தோஷமான மியூசிக் வேற. என் பொண்டாட்டி ஒரு கிழமை பேசல.

இப்ப யாராவது ரோட்டுல மைக்க நீட்டுறதப் பார்த்தா, ஆளு 'ஆனா'ன்னு இழுக்கும்போது வெட்டுறாங்களான்னுதான் பார்க்கிறேன்.

பண்டாரவளை அம்மா:

எல்லாரும் எதிர்ப்பக்கத்து பேப்பரையே சொல்றீங்க. எங்க வீட்டுல தலைகீழ். மகனுக்குப் பத்தொன்பது வயசு. "அம்மா, ஐ.நா.வே கஞ்சாவ போதைப்பொருள் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க, நீங்கதான் பழைய காலத்துல இருக்கீங்க"ன்னு ஒரு வீடியோவக் காட்டினான். பேசுறவர் டாக்டர் மாதிரி வெள்ளைக் கோட்டு.

தேடிப் பார்த்தேன். 2020 டிசம்பர் 2ஆம் திகதி ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழுவுல வாக்கெடுப்பு நடந்தது நெசம். 27க்கு 25, ஒருத்தர் வாக்களிக்கல. 1961 ஒப்பந்தத்துல ரொம்பக் கடுமையான நாலாம் அட்டவணையில இருந்துதான் எடுத்தாங்க. முதலாம் அட்டவணையில இன்னமும் இருக்கு. அதாவது மருந்து ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் வழி விட்டிருக்காங்க, கட்டுப்பாடு போகல. வீடியோவுல இந்த அட்டவணைப் பேச்சே இல்ல. கீழ பார்த்தா கஞ்சா எண்ணெய் விக்கிற கடைக்கு லிங்க்.

தாய்லாந்தும் அப்படித்தான். 2022 ஜூன்ல பட்டியல்ல இருந்து எடுத்தப்போ அதே ஆளு மூணு வீடியோ போட்டார். 2025 ஜூன்ல மருத்துவர் சீட்டு இல்லாம கஞ்சாப் பூ விக்கக் கூடாதுன்னு அங்க திருப்பினப்போ சத்தமில்ல. மகன்கிட்ட சொன்னேன். "ம்"ன்னான். அந்த 'ம்' எனக்குப் போதும்.

நோர்வூட் தாத்தா:

அறுபத்தெட்டு வயசு எனக்கு. ஒண்ணு கேக்குறேன். எங்க லயத்துல எத்தன குடும்பம் கசிப்பாலயும் சாராயத்தாலயும் கெட்டுச்சுன்னு நான் பேரு சொல்லி எண்ணுவேன், கஞ்சாவால கெட்டத எண்ண ஒரு கை போதும். சாராயத்துக்கு வரி வாங்குறான், அது வரவு செலவுல வருமானம். சம்பள நாள்ல தவறணை வாசல்ல விழுந்து கிடக்குறவன எந்தப் பேப்பர் படம் பிடிச்சுப் போட்டுச்சு? எழுதாம விடுறதும் சாயுறதுதானே தம்பி.

சித்த ஆயுர்வேதத்துல 'திரைலோக விஜய பத்திர'ன்னு இதே இலைய மருந்துக்கு எடுக்குறாங்க, அனுமதியோட. அதையும் சேத்து 'கஞ்சா'ன்னே போடுறான். நார் எடுக்குற செடி, மருந்துச் செடி, பொடியன் சுத்திக் குடிக்கிறது எல்லாம் ஒரே சொல்லு.

டொரொண்டோ பதுளைக்காரன்:

தாத்தா சொன்ன சொல் விஷயம் இங்கயும் உண்டு. போர்த்துகல் 2001ல தன் பாவனைக்கு வச்சிருக்கிறதக் குற்றவியல்ல இருந்து எடுத்துச்சு. விக்கிறது அங்க இன்னமும் குற்றம்தான். கனடா 2018 ஒக்டோபர் 17ல இருந்து கடை வச்சே விக்குது. நம்ம தமிழ்ச் செய்தியில ரெண்டுக்கும் 'சட்டபூர்வமாக்கியது'ன்னு ஒரே தலைப்பு.

ஊர்ல இருந்து மாமா, "கனடாவே மயக்கத்துல இருக்காமே"ன்னு ஒரு படம் அனுப்பினார். கஞ்சா மிட்டாய் கடைக்கு வந்த பிறகு தெரியாமத் தின்ன சின்னப் பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்கு வர்றது கூடினது உண்மை. வச்சிருந்ததுக்காகப் பிடிபடுற ஆட்கள் பெருசாக் குறைஞ்சதும் உண்மை. ஒருத்தன் முதலாவத மட்டும் போடுறான், இன்னொருத்தன் ரெண்டாவத மட்டும். 'விபத்துல சிக்கியவர் ரத்தத்தில் கஞ்சா'ன்னு வர்ற செய்திய மட்டும் நான் ரெண்டு தடவ வாசிப்பேன். தொடர்ந்து பாவிக்கிறவங்க ரத்தத்துல அது நாள் கணக்காத் தங்கும். அன்னைக்கு மயக்கத்துல ஓட்டினாரா, போன கிழமை குடிச்சதாங்கிறது அந்தத் தலைப்புல தெரியாது.

ஹட்டன் டீச்சர்:

நிருபர் அண்ணே, உங்க கதைய பேரு ஊரு இல்லாம வகுப்புல வாசிச்சேன். அந்தப் பிள்ளை போன திங்கக்கிழமை மூணாவது டிமை தாள் ஒண்ணு கொண்டு வந்து சுவத்துல மாட்டிட்டா. மேல பெருசா 'வழக்கு முடிஞ்ச செய்தி'ன்னு எழுதியிருக்கா. வகுப்பே தேடுது. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் ஒட்டல.