16-ஆம் எண்ணைத் தேடிய மதியங்கள்

தென் கொரியாவின் தேகு நகரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த நாட்களில், காலையிலிருந்தே நான் காத்திருந்தது மதியச் சாப்பாட்டுக்குத்தான். அங்கே ஆசிரியர்களும் பிள்ளைகள் சாப்பிடுவதையே சாப்பிடுவோம். குழி குழியான எவர்சில்வர் தட்டில் சோறு, சூப், கிம்சி என்ற காரமான காய்கறி ஊறுகாய், தொட்டுக்கொள்ள இரண்டு மூன்று வகை. 'குப்சிக்' என்பார்கள்.

நான் மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை. முதல் வாரம் எதைத் தொடுவதென்று தெரியாமல் சோறும் கிம்சியுமாக ஓட்டினேன். அப்புறம் சக ஆசிரியை ஒருவர் மாதப் பட்டியலைக் காட்டினார். ஒவ்வொரு உணவின் பெயருக்குப் பக்கத்திலும் சின்னச் சின்ன எண்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக. 1 முட்டை, 10 பன்றி, 15 கோழி, 16 மாடு. கொரிய எழுத்தைத் தடவித் தடவிப் படித்த எனக்கு அந்த எண்களே போதும். மாதம் பிறந்ததும் 10, 16 உள்ள இடங்களிலெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டுவிடுவேன்.

பயம் போனதும் ருசி தெரிய ஆரம்பித்தது. 'தோத்தொரிமுக்' என்று ஒன்று. ஓக் மரத்துக் கொட்டையின் மாவைக் காய்ச்சி, அல்வா போல உறையவைத்து, மேலே சோயா சாஸும் எள்ளெண்ணெயும் ஊற்றித் தருவார்கள். நல்லெண்ணெய் வாசம் வந்ததுமே பாதித் தயக்கம் ஓடிவிட்டது. லேசான கசப்பு, நல்ல குளிர்ச்சி. எஃகுக் குச்சியில் நிற்காமல் வழுக்கியது. எதிரே இருந்த பையன் ஒன்றும் சொல்லாமல் தன் கரண்டியைத் தூக்கிக் காட்டினான்.

பரிமாறும் பெண்களைப் பலரும் 'இமோ' என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவுடன் பிறந்தவள் என்று அர்த்தம், நமக்குச் சித்தி மாதிரி. மாட்டிறைச்சி நாட்களில் ஓர் இமோ என்னைக் கண்டதும், இனிப்பும் காரமுமாக வறுத்த நெத்திலியை இரண்டு மடங்கு அள்ளி வைப்பார். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

*

கொரியச் சாப்பாடு என்றதும் எனக்கு மருத்துவமனை ஞாபகம் வந்துவிட்டது. என் மகள் பிறந்தது கொரியாவில்தான். பிள்ளை பெற்றவளுக்கு அங்கே வேளை தவறாமல் 'மியொக்குக்', கடற்பாசி சூப். நம் பூண்டுக் குழம்பு மாதிரி அவர்களுக்கு அதுதான் பத்தியம். அன்று எனக்கு அது தொண்டையில் இறங்கவே இல்லை.

இப்போது மகள் தொடக்கப் பள்ளியில் அதைச் சாப்பிட்டுவிட்டு வந்து வீட்டிலும் கேட்கிறாள். கொரியர்கள் பிறந்தநாள் காலையில் குடிப்பதும் இதே சூப்தான். இந்த வருஷம் அவள் பிறந்தநாளுக்கு முந்தைய இரவே பாசியை ஊறவைத்தேன். மாட்டிறைச்சிக்குப் பதில் சிப்பி போட்டேன். சட்டியில் மிச்சம் இருந்ததை நானும் குடித்தேன், நன்றாகவே இறங்கியது.